குஞ்சுக் கூட்டத்தில் வீசாதீர்கள்

மழை விட்ட மத்தியானத்தில், யாரிடமும் சொல்லாமல் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதில் ஒரு சுகம் உண்டு. திட்டம் போட்டால் பாதி போய்விடும். நீலகிரிக்காரர்களுக்கு அவலாஞ்சிப் பக்கம் டிரவுட் இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட குளிர்நீர் மீன். மலேசியாவில் நம் சிம்பாங் அம்பாட் வெயிலை அது தாங்காது. நமக்குச் செம்பனைத் தோட்டத்துக் கால்வாயும் விராலும் போதும். ரப்பர் தவளையைப் புல் ஓரமாக வீசி, துள்ளத் துள்ள இழுத்துவந்தால் தண்ணீர் 'டப்'பென்று வெடிக்கும். கட்டணக் குளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. சரி, கொஞ்சம் சொல்கிறேன்.

ஆனால் ஒரு பழக்கம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. விரால் குஞ்சுகள் செக்கச்செவேலென்று கூட்டமாக மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டு இறங்கும். தண்ணீர் அந்த இடத்தில் மட்டும் பொரிவதுபோல் தெரியும். அடியில் பெற்றது காவல் நிற்கும். கூட்டத்தின் நடுவே தவளையை வீசினால் உடனே கடிக்கும், பசியால் அல்ல, ஆத்திரத்தால். இதில் என்ன சாமர்த்தியம்? டிரவுட்டுக்குப் பொய் ஈயைக் காட்டுகிறவன் அதன் பசியோடுதான் விளையாடுகிறான். இங்கே காவல் போனதும் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரை. "ஆபரேஷன் பண்ணவங்களுக்கு ஹாருவான் சூப் வேணும் அண்ணே" என்பார்கள். ஹாருவான் என்பது விராலின் மலாய்ப் பெயர். வேண்டியதுதான். சந்தையில் உயிரோடு விற்கிறார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். பிடித்தே தீருவேன் என்றால், குஞ்சுக் கூட்டத்தை விட்டு இன்னும் நாலு பனை தள்ளி நின்று வீசுங்கள்.