பழைய பெட்டியில் ஒரு விமானம்

அத்தான் போனில் பதறினார். "ஒரு தடவை மேல்கோட்டைக்கு வந்து இவன்கிட்டப் பேசு. ஆத்துக் கூரைக்கு வச்சிருக்கற பணத்தை ஒரு ஆட்டத்துக்குக் கேக்கறான்."

அவர் பள்ளி ஆசிரியர். பையன் பி.யு.சி. படிக்கிறான். ஆட்டம் என்று அவர் சொன்னது மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரை. சுடுவது, துரத்துவது எதுவும் கிடையாது. விமானத்தைக் கிளப்பி, ஓட்டி, இறக்க வேண்டும். 2020இல் வந்த பதிப்புக்குக் குறைந்தது 8 ஜிபி நினைவகமும் 150 ஜிபி வட்டு இடமும் தனி கிராஃபிக்ஸ் கார்டும் வேண்டும். 2024 பதிப்பு 16 ஜிபி கேட்கிறது. பையனிடம் இருப்பதோ மைசூரில் ஏதோ அலுவலகம் கழித்துவிட்ட கோர் 2 டுயோ பெட்டி.

கம்ப்யூட்டர் இந்த ஊருக்குப் புதிதல்ல. இங்குள்ள சமஸ்கிருத ஆய்வு நிறுவனம் 1990களிலேயே அதற்கு இலக்கணம் கற்பிக்க முயன்றது. இந்த விளையாட்டும் பெட்டிகளைச் சோதிப்பதில் பழம்பெருமை உடையது. 1982இல் ஐபிஎம் பி.சி.க்கு வந்தது. 'ஐபிஎம் மாதிரியே' என்று விற்ற கம்ப்யூட்டர்களை லோட்டஸ் 1-2-3ஐயும் இதையும் ஓட்டித்தான் அப்போது சோதித்தார்கள்.

நான் போனபோது பையன் 2006இல் வந்த 'எக்ஸ்' பதிப்பைப் போட்டிருந்தான். அந்த வருடத்துப் புதுப் பெட்டிகளையே திணறடித்த பதிப்பு அது. இவனுடையதில் நொடிக்கு 7 ஃப்ரேம். (தமிழ் எம்.ஏ. படித்த தோஷம், ஃப்ரேமுக்குச் சொல் தேடினேன். 'சட்டகம்' என்றால் தச்சர்தான் திரும்பிப் பார்ப்பார்.) சினிமாவுக்கு 24. சின்ன செஸ்னா விமானம் இறங்கும்போது நொடிக்குச் சுமார் 33 மீட்டர் போகிறது. ஏழு ஃப்ரேம் என்றால் படத்துக்குப் படம் ஏறக்குறைய 5 மீட்டர் தாவல். ஓடுபாதை எங்கே என்று தெரிவதற்குள் சக்கரம் வயலில்.

கடைக்காரர் ஒருவர் எல்லாவற்றையும் மாற்றச் சொல்லியிருந்தார். முதலில் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். விசிறியில் தூசி மெத்தை போலப் படிந்திருந்தது. சூடேறினால் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பெயின்ட் பிரஷ்ஷால் துடைத்தோம். மற்றதெல்லாம் அவன் மூளை. இந்தப் பதிப்பில் பெரும் சுமை பிராசஸர் தலையில்தான் விழுகிறது. சாலையில் ஓடும் கார்கள், மற்ற விமானங்கள், தானாக முளைக்கும் மரங்கள், வீடுகள், ஒவ்வொன்றுக்கும் கணக்கு. கார்களைப் பூஜ்யமாக்கினான். மரங்களை வெட்டினான். தண்ணீரின் பளபளப்பைத் துறந்தான். ஃப்ரேம் 20ஐத் தாண்டாமல் பூட்டு போட்டான். மிச்சமாகும் நேரத்தில் அடுத்த நிலப்பரப்பு ஏற்றப்படும் என்று விளக்கினான். வாத்தியார் பிள்ளை.

இரவு பதினொன்றுக்கு 18 வந்தது.

பெங்களூரில் கிளம்பினான். தேவனஹள்ளி விமான நிலையம் 2008இல்தான் திறந்தது. ஆகவே இதில் பெங்களூர் என்றால் பழைய எச்.ஏ.எல். நிலையம்தான். எனக்கு அது பிடித்திருந்தது. நான் முதன்முதலில் விமானம் ஏறிய இடம்.

மேற்கே அரை மணி. தூங்காமல் அத்தையும் உட்கார்ந்திருந்தாள்.

"மாமா, மேல்கோட்டை" என்றான். மங்கலான பச்சை.

"எங்கேடா நரசிம்மர் கோயில்?"

"அதெல்லாம் இதுல வரைஞ்சு வைக்கலை, பாட்டி."

அத்தை படுக்கப் போய்விட்டாள். மறுநாள் அத்தான் கூரை வேலைக்கு முன்பணம் கொடுத்தார். புதுப் பெட்டி வேண்டாம் என்று பையன் இன்னும் சொல்லவில்லை. மழைக்காலம் முடியட்டும் என்கிறான்.