டாக்டர் சாருக்குக் கணக்கு வருமா?

மெடிக்கோஸ், மனுஷ உடம்புல எத்தனை எலும்பு? தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ‘206’னு சொல்வீங்க. சரி, ஒரு கிளினிக்கை ஒரு மாசம் திறந்து வைக்க எவ்வளவு செலவாகும்? ‘ஙே’ன்னு முழிக்கிறீங்கதானே? உங்க மேல தப்பே இல்லை. ஹவுஸ் சர்ஜன் வருஷத்தையும் சேர்த்து அஞ்சரை வருஷம் படிக்கிற படிப்புல, இதை யாரும் உங்ககிட்ட கேட்கிறதே இல்லை.

சும்மா ஒரு கணக்குக்கு, ஒரு சின்ன டவுன்ல கிளினிக் போடறீங்கன்னு வெச்சுக்குவோம். வாடகை 12,000. நர்ஸ் ஒருத்தர், ரிசப்ஷன்ல ஒருத்தர், ரெண்டு பேர் சம்பளம் 22,000. கரன்ட், போன், தண்ணி, கூட்டிப் பெருக்க 6,000. பஞ்சு, ஊசி, கையுறை, கழிவை எடுத்துட்டுப் போறவங்களுக்குக் கட்டற பணம் எல்லாம் சேர்த்து 5,000. மேஜை நாற்காலி, ஈ.சி.ஜி. மெஷினுக்கு வாங்கின லோனுக்கு மாசத் தவணை 15,000. மொத்தம் 60,000 ரூபாய். மாசம் 25 நாள் திறந்தா, ஒரு நாளைக்கு 2,400. ஃபீஸ் 200 ரூபாய்னா, தினமும் முதல் 12 பேஷன்ட் கட்டடத்துக்கும் லோனுக்கும்தான். பதிமூணாவது ஆள் உள்ளே வந்தாதான் உங்க வீட்டுல உலை கொதிக்கும்!

புது டாக்டர்கிட்ட முதல் நாளே 13 பேர் வருவாங்களா? ஆறு பேர் வந்தாலே பெரிய விஷயம். ஆறு பேர்னா தினம் 1,200 ரூபாய் துண்டு விழும். மாசத்துக்கு 30,000. இப்படியே ஆறு மாசம் ஓடினா 1,80,000. போர்டு மாட்டறதுக்கு முன்னாடியே இந்தத் தொகையைத் தனியா எடுத்து வைக்கணும். நாம என்ன செய்யறோம்? கண்ணாடிக் கதவு, ஏ.ஸி., சோபான்னு இருக்கிற காசை எல்லாம் திறப்பு விழாவுலயே கரைச்சுடறோம்.

அந்த 30,000 ரூபாய் பள்ளம் தெரியுதா? கரெக்டா அதுல வந்து நிப்பார், லேப் பக்கத்திலிருந்து ஒரு ஆசாமி. “சார், நம்ம லேபுக்கு எழுதுங்க. மாசக் கடைசியில கவர் வந்துரும்.” பேச்சு வழக்குல இதுக்குப் பேர் ‘கட்’. மருத்துவர்களுக்கான 2002 நடத்தை விதிகள்ல இது அப்பட்டமா தடை செய்யப்பட்ட விஷயம். (2023 ஆகஸ்ட்ல புது விதிகள் வந்து, அதே மாசமே நிறுத்தி வைக்கப்பட்டதால, பழசுதான் இன்னமும் பேசுது.) சட்டத்தை விடுங்க, கணக்கைப் பாருங்க. 1,000 ரூபாய் டெஸ்ட்டுல 300 கவருக்குப் போகுதுன்னா, 700 ரூபாய்க்கே அந்த டெஸ்ட்டைச் செய்ய முடியும்னுதானே அர்த்தம்? மிச்ச 300, கூலி வேலையை விட்டுட்டு வந்து பெஞ்சுல உட்கார்ந்திருக்கிற அம்மாவோட சுருக்குப் பையிலிருந்து போகுது. முதல் கவரை வாங்கறவங்க எல்லாம் பேராசைக்காரங்க இல்லை பாஸ். நிறைய பேர் ஆறாவது மாசம் வாடகை கொடுக்க முடியாம மாட்டினவங்க.

“நான் சேவை பண்ண வந்தவன், எனக்கு எதுக்குங்க கணக்கு?”ன்னு சிலர் கேட்பீங்க. சென்னை வியாசர்பாடியில டாக்டர் திருவேங்கடம் ரெண்டு ரூபாய்ல ஆரம்பிச்சு, அப்புறம் அஞ்சு ரூபாய் வாங்கி, 2020-ல் மறையற வரைக்கும் வைத்தியம் பார்த்தார். சல்யூட்! ஆனா ஒண்ணு, ஃபீஸைக் குறைச்சா செலவு குறையாது. அது எங்கிருந்தாவது வந்தாகணும். மதுரையில 1976-ல் டாக்டர் ஜி.வெங்கடசாமி அரவிந்த் கண் மருத்துவமனையை 11 படுக்கையோட தொடங்கினார். பணம் கட்டறவங்க ஆபரேஷன்ல வர்ற வருமானத்துல, கட்ட முடியாதவங்களுக்கும் ஆபரேஷன். இறக்குமதி லென்ஸ் விலை கட்டுப்படியாகலைன்னதும், 1992-ல் ஆரோலேப் தொடங்கி, அதைவிட ரொம்பக் குறைஞ்ச விலையில தாங்களே தயாரிச்சாங்க. இலவசத்துக்குத்தான் கணக்கு இன்னும் டைட்டா வேணும்!

பேப்பர் வேலையும் இருக்கு. தமிழ்நாட்டுல 1997 மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி கிளினிக்கைப் பதிவு செய்யணும். கழிவை மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம்னு பிரிக்கணும். ஃபீஸ் எவ்வளவுன்னு போர்டுல எழுதிப் போடணும் (எத்தனை இடத்துல பார்த்திருக்கீங்க?). வருமான வரியில ஒரு சலுகை உண்டு. வருஷ வரவு 50 லட்சத்துக்குள்ள இருந்தா, பாதியை லாபம்னு காட்டி வரி கட்டிட்டுப் போயிடலாம். கணக்குப் புத்தகம் கட்டாயமில்லை. அதை நம்பி நோட்டையே தூக்கிப் போட்டுடாதீங்க. வரிக்காரங்களுக்கு வேண்டாம்னாலும் உங்களுக்கு வேணும். வீட்டுக்கு ஒண்ணு, கிளினிக்குக்கு ஒண்ணுன்னு ரெண்டு பேங்க் அக்கவுன்ட் வெச்சாலே பாதி குழப்பம் தீர்ந்துடும்.

பி.காம் மக்களே, எங்கே எஸ்கேப் ஆகறீங்க? இந்த நோட்டை எழுதத் தெரிஞ்ச ஆள் கிடைக்காம தவிக்கிற டாக்டர்கள் உங்க ஊர்லயே இருப்பாங்க. போய் விசாரிங்க!

மெடிக்கோஸுக்கு ஒரு ஹோம்வொர்க். தெரிஞ்ச சீனியர்கிட்ட பர்மிஷன் கேட்டு, ரெண்டு வாரம் சாயங்காலம் அவங்க கிளினிக்ல உட்காருங்க. டாக்டர் பக்கத்துல இல்லை, ரிசப்ஷன் டேபிள்ல. கூட்டத்தைப் பார்த்துட்டு எத்தனை பேர் கிளம்பறாங்க, எத்தனை பேர் மறு செக்கப்புக்கு வர்றதே இல்லைன்னு ஒரு நோட்டுல குறிச்சு வைங்க. ஃபீஸ் எவ்வளவுன்னு கேட்டு, பர்ஸைத் தடவிப் பார்த்துட்டு, “அப்புறம் வர்றோம் தம்பி”ன்னு படி இறங்கறவங்களையும் சேர்த்து எண்ணுங்க. உள்ளே உட்கார்ந்திருக்கிற டாக்டருக்கு அவங்க வந்ததே தெரியாது.