நாட்டைக் கட்டியவர்களுக்கு ஓட்டு இல்லையா?

கிரீஸில் அடுத்த பொதுத்தேர்தல் 2027-க்குள் நடந்தாக வேண்டும். வெளிநாட்டில் வாழும் கிரேக்கர்கள் அதில் தபால் மூலம் வாக்களிக்கலாமா, அவர்களுக்கென்று தனித் தொகுதி ஒதுக்கலாமா என்ற சண்டை ஏதென்ஸில் மறுபடியும் சூடேறியிருக்கிறது. 2024 ஜனவரியில் இதே கேள்வி நாடாளுமன்றத்துக்கு வந்து தோற்றுப்போனது. ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலுக்குத் தபால் வாக்கு சரி என்று சட்டம் நிறைவேற்றிய அதே அவை, தேசியத் தேர்தலுக்கு அதை நீட்டிக்கத் தேவையான 200 வாக்குகளைத் தரவில்லை. 300 பேர் கொண்ட அவை அது. அப்போது சொன்ன காரணங்களைத்தான் இப்போதும் சொல்கிறார்கள். இங்கே வரி கட்டாதவர்கள், இங்கத்திய விலைவாசியில் வாழாதவர்கள், ஓட்டுப் போட்டுவிட்டு அதன் விளைவைச் சுமக்காதவர்கள் எங்கள் அரசைத் தீர்மானிக்கக் கூடாது என்கிறார்கள்.

இந்த வாதத்துக்கு ஏதென்ஸ் நகரமே பதில்.

பழைய ஒலிம்பிக் அரங்கின் வாசலில் ஒரு சிலை நிற்கிறது. ஜார்ஜ் அவெரோஃப் என்ற வணிகர். 1815-இல் மெட்சோவோ என்ற மலையூரில் பிறந்தவர். அந்த ஊர் அன்று உதுமானியப் பேரரசுக்குள் இருந்தது. கிரீஸோடு சேர்ந்தது 1912-இல்தான். அவர் சம்பாதித்தது எகிப்தில். 1899-இல் கண்மூடியதும் அலெக்சாண்டிரியாவில்தான். 1896-இல் முதல் நவீன ஒலிம்பிக் போட்டியை நடத்தக் கிரேக்க அரசின் கையில் காசில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் அது திவாலாகியிருந்தது. அந்த அரங்கைப் பளிங்கால் புதுப்பிக்கும் செலவை அவெரோஃப் ஏற்றுக்கொண்டார். அவர் உயிலில் எழுதிவைத்த தொகை, பின்னாளில் கடற்படை வாங்கிய ஒரு போர்க்கப்பலின் விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அடைத்தது. அவர் பெயரையே தாங்கிய அந்தக் கப்பல் 1912 டிசம்பரில் எல்லி கடற்போரிலும் அடுத்த மாதம் லெம்னோஸ் போரிலும் உதுமானியக் கடற்படையை டார்டனெல்ஸ் நீரிணைக்குள் விரட்டியடித்தது. ஏஜியன் கடல் கிரீஸின் கைக்கு வந்தது அப்படித்தான்.

2019-இல் கிரீஸ் முதன்முதலாக வெளிநாட்டு வாக்காளர்களுக்கு இயற்றிய சட்டத்தை இப்போது அவெரோஃபுக்குப் பொருத்திப் பாருங்கள். கடந்த 35 ஆண்டுகளில் இரண்டு ஆண்டாவது கிரீஸில் வசித்திருக்க வேண்டும் என்றது அது. நடப்பு ஆண்டிலோ முந்தைய ஆண்டிலோ அங்கே வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்திருக்க வேண்டும் என்றது. அவெரோஃப் தேறமாட்டார். ஒலிம்பிக்குக்கு மறுஉயிர் கொடுக்கும் முயற்சியாக 1859-இலேயே ஏதென்ஸில் போட்டி நடத்தப் பணம் தந்த எவாங்கெலிஸ் ஸாப்பாஸ் தேறமாட்டார். அவருடைய செல்வமெல்லாம் இன்றைய ருமேனியாவில் இருந்தது. ஏதென்ஸ் அகாதமிக் கட்டடத்தின் செலவை ஏற்ற சைமன் சினாஸ் வியன்னாவில் பிறந்த வங்கியாளர், அவரும் தேறமாட்டார். நாட்டின் தலையாய பொறியியல் கல்லூரியின் பெயரில் இன்றும் 'மெட்சோவோ' ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குக் கொடையளித்தவர்கள் எல்லாம் அந்த மலையூரிலிருந்து வெளியே போய்ப் பிழைத்தவர்கள். அவ்வளவு ஏன், 1821 விடுதலைப் போருக்கு வித்திட்ட 'ஃபிலிகி எதேரியா' ரகசியச் சங்கமே 1814-இல் கருங்கடல் கரையில், ரஷ்யப் பேரரசின் ஒடெஸா துறைமுகத்தில், வெளியூரில் தொழில் பார்த்த மூன்று கிரேக்கர்களால் தொடங்கப்பட்டது. வெளியில் வாழ்ந்தவர்கள் வெளியிலிருந்தே ஒரு நாட்டை உண்டாக்கினார்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. எதிர்ப்பவர்கள் இதற்கு மட்டும் பதில் சொல்வதேயில்லை.

நம் நாட்டிலும் அதற்குச் சாட்சி உண்டு. ஏதென்ஸ்காரரான திமித்ரியோஸ் கலானோஸ் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில், கல்கத்தாவில் வாழ்ந்த கிரேக்க வணிகர்களின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர வந்தார். பிறகு காசிக்குப் போய்ச் சமஸ்கிருதம் கற்றார். 1833-இல் அங்கேயே இறந்தார். சேர்த்ததையும் மொழிபெயர்த்த சுவடிகளையும் எழுதிவைத்தது ஏதென்ஸுக்கு. கங்கைக் கரையில் உட்கார்ந்துகொண்டும் ஒரு மனிதர் தன் நகரத்துக்கு உயில் எழுதியிருக்கிறார். கல்கத்தாவின் காளிகாட் டிராம் டிப்போ அருகில் 1924-இல் கட்டிய கிரேக்க தேவாலயம் இன்றும் இருக்கிறது.

இவர்கள் பணக்காரர்கள், ஏழைகளின் கதை வேறு. 1893 வாக்கில் உலர்திராட்சையின் விலை சரிந்து பெலொப்பொனேசிய விவசாயி நொடித்தபோது கப்பல்கள் அமெரிக்காவுக்கு நிரம்பின. அந்த அலை முதல் உலகப்போருக்குள் நாட்டு மக்களில் ஆறில் ஒரு பங்கினரைக் கொண்டுபோனது. இரண்டாம் உலகப்போரும் உள்நாட்டுப்போரும் முடிந்தபின் இன்னொரு பத்து லட்சம் பேர் போனார்கள். 1960-இல் மேற்கு ஜெர்மனியோடு தொழிலாளர் ஒப்பந்தம் போட்ட அரசு, பிள்ளைகளை அனுப்பி மார்க்குகளை வரவு வைத்துக்கொண்டது. அவர்கள் அனுப்பிய பணம் பல பத்தாண்டுகள் கிரீஸின் அந்நியச் செலாவணிக் கணக்கைத் தாங்கியது. தபால் வழியே வந்த பணம் இனித்தது. தபால் வழியே வரும் வாக்குச்சீட்டு மட்டும் கசக்கிறது.

போன இடத்தில் அவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் வியப்பாக இருக்கிறது. முதல் வேலையாக ஊர்ச் சங்கம் வைத்தார்கள். கஸ்தெல்லோரிஸோ என்ற குட்டித் தீவிலிருந்து ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைக்குப் போனவர்கள் 1912-லேயே பெர்த் நகரில் தங்கள் சங்கத்தைத் தொடங்கிவிட்டார்கள். கித்திரா தீவுக்காரர்கள் நியூ சவுத் வேல்ஸின் சின்னஞ்சிறு ஊர்களில்கூட ஒரு கஃபே வைத்தார்கள். கட்டூம்பாவில் 1916-இல் திறந்த 'பாராகன்' அவற்றில் பேர்பெற்றது. கலிம்னோஸ் தீவின் கடற்பஞ்சு எடுப்பவர்கள் ஃப்ளோரிடாவின் டார்பன் ஸ்பிரிங்ஸுக்குத் தங்கள் முக்குளிக்கும் கலையோடு தங்கள் திருவிழாவையும் கொண்டுபோனார்கள். ஜனவரி 6-ஆம் தேதி குரு தண்ணீரில் வீசும் சிலுவையை இளைஞர்கள் குதித்து எடுப்பது இன்றும் நடக்கிறது. மெல்பர்னில் கிரேக்கச் சமூகம் 1897-இல் அமைப்பாகத் திரண்டது. இன்று லான்ஸ்டேல் தெருவில் அதற்குப் பல மாடிக் கட்டடம் இருக்கிறது, ஆல்ஃபிங்டனில் முழுநேரப் பள்ளி இருக்கிறது, சனிக்கிழமை மொழி வகுப்புகள் இருக்கின்றன. 'நேயோஸ் கோஸ்மோஸ்' பத்திரிகை 1957-இலிருந்து வருகிறது.

இதெல்லாம் பூவிரித்த பாதையில் நடந்ததில்லை. 1918 ஆகஸ்டில் டொரண்டோவில் ஆயிரக்கணக்கானோர் கூட்டமாகக் கிளம்பிக் கிரேக்கர்களின் உணவகங்களை அடித்து நொறுக்கினார்கள். கிரீஸ் போரில் தாமதமாகச் சேர்ந்தது அங்கே சமையல்கட்டில் நின்றவனின் குற்றமாயிற்று. அமெரிக்காவில் கூ க்ளக்ஸ் க்ளானின் வெறுப்புக்கு எதிராகவே 1922-இல் அட்லாண்டாவில் 'அஹெப்பா' சங்கம் பிறந்தது. சிட்னியில் 1978-இல் ஒரு விடியற்காலை காவல்துறை கிரேக்கர்களின் வீடுகளுக்குள் புகுந்தது. உடல்நலக்குறைவு உதவித்தொகையை ஏமாற்றிப் பெற்றதாகச் சொல்லி 180 பேருக்கு மேல் கைது செய்தார்கள். ஆண்டுக்கணக்கில் வழக்கு இழுத்து, கடைசியில் ஏறக்குறைய எல்லாம் பொடிந்து விழுந்தது. அரசு விசாரணை ஆணையம் வைத்து இழப்பீடு கொடுக்க வேண்டியதாயிற்று. போன நாடு சந்தேகப்பட்டது, பொறுத்தார்கள். பிறந்த நாடும் சந்தேகப்படுவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

சாதனை என்று எடுத்தால் பட்டியல் நீளும். நான் ஒருவரோடு நிறுத்திக்கொள்கிறேன். ஜார்ஜ் பாப்பனிகோலாவ், எவியா தீவின் கிமி ஊர்க்காரர். 1913-இல் நியூயார்க்கில் இறங்கி, வயிற்றுப்பாட்டுக்காக ஒரு கடையில் கம்பளம் விற்றார். பிறகு கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பல ஆண்டுகள் நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்தார். கருப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் சோதனை அவரிடமிருந்து வந்தது. நம்மூர் அரசு மருத்துவமனையில் 'பாப் ஸ்மியர்' என்று சீட்டு எழுதித் தருகிறார்களே, அந்தப் 'பாப்' இவர் பெயர்தான். யூரோ வருவதற்கு முன் கிரீஸில் கடைசியாகப் புழங்கிய நோட்டுகளில் மிகப்பெரியது பத்தாயிரம் டிராக்மா. அதில் இவர் முகம் இருந்தது. முகம் நோட்டுக்கு வேண்டும். வாக்கு பெட்டிக்கு வேண்டாம் என்றால் இது என்ன நியாயம்?

இனி எதிர்ப்பவர்களைப் பார்ப்போம். நாட்டின் 1975 அரசியல் சாசனமே வெளிநாட்டில் இருப்பவர் வாக்களிக்கச் சட்டம் இயற்றலாம் என்றது. பொதுத்தேர்தலில் அப்படி முதல் வாக்கு விழுந்தது 2023 மே மாதம். நாற்பத்தெட்டு ஆண்டுகள்! இடையில் ஸ்ட்ராஸ்பர்கில் பணியாற்றிய இரண்டு கிரேக்கர்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2010-இல் வென்றார்கள், 2012-இல் பெரிய அமர்வு அதைத் திருப்பிவிட்டது. அந்தத் தீர்ப்பைத்தான் இன்றும் கேடயமாகப் பிடிக்கிறார்கள். ஒரு நாடு இதைச் செய்தே ஆக வேண்டிய கட்டாயம் இல்லை என்றுதான் நீதிமன்றம் சொன்னது. செய்யக் கூடாது என்று சொல்லவில்லை.

நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழித்துத் திறந்த கதவும் எவ்வளவு அகலம்? 2023 மே தேர்தலுக்கு உலகம் முழுவதிலும் பதிவு செய்தவர்கள் சுமார் 22,800 பேர். 'பார்த்தீர்களா, அவர்களுக்கே அக்கறை இல்லை' என்கிறார்கள். வசிப்பு நிபந்தனை, வரி நிபந்தனை இரண்டையும் வைத்துவிட்டு, வாக்குச்சாவடிக்கு நேரில் வா என்று சொல்லிவிட்டு, ஒரு சாவடி திறக்கக் குறைந்தது 40 பேராவது பதிந்திருக்க வேண்டும் என்று விதித்துவிட்டு அக்கறையை அளக்கிறார்களா? குவீன்ஸ்லாந்தின் உள்ளூர் ஒன்றில் மருத்துவம் பார்ப்பவர் ஒரு வாக்குக்காக விமானம் ஏற வேண்டுமா? வசிப்பு, வரி நிபந்தனைகள் 2023 ஜூலையில் நீக்கப்பட்டன. அடுத்த ஆண்டு ஐரோப்பியத் தேர்தலில் தபால் வாக்கு வந்தவுடன் வெளிநாட்டிலிருந்து பதிந்தவர்கள் ஏறத்தாழ 50,000. ஒரே ஆண்டில் இரு மடங்கு! தபால்தான் அந்த வித்தியாசம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்தத் தேர்தலுக்கு முன் உள்துறை அமைச்சகத்திலிருந்து வெளிநாட்டு வாக்காளர்களின் மின்னஞ்சல் முகவரிகள் கசிந்தன. ஆளுங்கட்சியின் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் அவற்றுக்குப் பிரசாரக் கடிதம் அனுப்பினார். தரவுப் பாதுகாப்பு ஆணையம் அமைச்சகத்துக்கு 4 லட்சம் யூரோ அபராதம் போட்டது. எதிர்ப்பவர்கள் இதையும் காட்டுகிறார்கள். வெட்கக்கேடுதான். ஆனால் முகவரியைக் கசியவிட்டவன் ஏதென்ஸில் இருந்தான். தண்டனை மெல்பர்னில் இருப்பவனுக்கா? இத்தாலியைக் காட்டியும் பயமுறுத்துகிறார்கள். 2006-இல் வெளிநாட்டு இத்தாலியர்களின் இடங்கள்தான் ரோமானோ ப்ரோதிக்கு மேலவையில் பெரும்பான்மை தந்தன என்பது உண்மை. அதனால் இத்தாலி இடிந்துவிடவில்லை. குடிமக்கள் வாக்களித்தார்கள், அரசு அமைந்தது, அவ்வளவுதான்.

இடதுசாரிகள் எழுப்பும் இன்னொரு கேள்வி: நியூயார்க்கில் பிறந்த பேரனுக்கு வாக்கு, ஏதென்ஸிலேயே பிறந்த குடியேறிகளின் பிள்ளைக்குக் குடியுரிமையே இழுபறியா? கூடைப்பந்து வீரர் யானிஸ் அந்தெதோகும்போவுக்கு அது 2013-இல்தான், பதினெட்டு வயதில் கிடைத்தது. அவருக்கும் கொடுங்கள், உடனே கொடுங்கள். அதற்காக இவருக்கு மறுக்காதீர்கள்.

என்னை அதிகம் கொதிக்க வைப்பது வேறொன்று. ஆந்த்ரேயாஸ் பாப்பந்த்ரேயு அமெரிக்கக் குடிமகனாக இருந்து, அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றி, பெர்க்லியில் பேராசிரியராக இருந்தவர். இராணுவ ஆட்சியை ஸ்வீடனிலிருந்தும் கனடாவிலிருந்தும் எதிர்த்தவர். அவர் பிரதமரானார். மினசோட்டாவில் பிறந்த அவர் மகனும் பிரதமரானார். வெளியில் வாழ்ந்தவர் நாட்டை ஆளலாம். வெளியில் வாழ்பவர் ஆளைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. இதைக் கொள்கை என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். கிரேக்க வாக்கு கிராமத்துத் தரகர்களின் பிடியிலிருந்து நழுவிவிடுமோ என்ற பயம் இது.

கடன் நெருக்கடியில் 2008 முதல் 2013 வரை மட்டும் 4 லட்சத்து 27 ஆயிரம் பேர் போய்விட்டதாகக் கிரேக்க மத்திய வங்கியின் ஆய்வு சொல்கிறது. மருத்துவர்கள், பொறியாளர்கள், நேற்றுப் பட்டம் பெற்றவர்கள். கடன் கொடுத்தவர்களின் நிபந்தனைகள் குறித்த 2015 ஜூலை 5 பொதுவாக்கெடுப்பில் அவர்களுடைய எதிர்காலத்தையே தீர்மானித்தார்கள். விமான டிக்கெட் வாங்கி ஊர் வந்தவர்கள் தவிர மற்றவர்களுக்கு அதில் குரல் இல்லை. 1980-களிலிருந்தே வெளிநாட்டுக் கிரேக்கர்களுக்கு வாக்கு இருந்திருந்தால், ஒழுங்கான நிர்வாகத்தில் வாழ்ந்து பழகிய பல லட்சம் பேர் அந்தக் கடன் அரசியலை வளரவே விட்டிருக்கமாட்டார்கள். நெருக்கடியே வந்திருக்காது என்பது என் உறுதியான கருத்து.

எதிர்ப்பவர்கள் ஆஸ்திரேலிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் பார்க்கட்டும். கிரேக்க வம்சாவளி என்று எழுதியவர்கள் 2016-இல் சுமார் 3 லட்சத்து 97 ஆயிரம். 2021-இல் 4 லட்சத்து 24 ஆயிரத்துக்கும் மேல். வீட்டில் கிரேக்கம் பேசுகிறவர்களோ 2 லட்சத்து 37 ஆயிரத்திலிருந்து 2 லட்சத்து 29 ஆயிரமாகக் குறைந்துவிட்டார்கள். உறவைச் சொல்லிக்கொள்ள ஆள் கூடுகிறது, மொழி தேய்கிறது. சனிக்கிழமைப் பள்ளி மட்டும் இதைத் தடுக்காது. ஏதென்ஸ் செய்தியைப் படிக்க ஒரு காரணம் வேண்டும். வாக்கைவிடப் பெரிய காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

மூன்று நான்கு இடங்கள் போதும் என்று பேரம் பேசுகிற நண்பர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிரான்ஸ் தன் வெளிநாட்டுக் குடிமக்களுக்கு 11 இடங்கள் கொடுத்திருக்கிறது, போர்ச்சுகல் 4. நாட்டையே வெளியிலிருந்து பெற்ற கிரீஸ் 300-இல் 15-ஆவது தர வேண்டும். மெல்பர்னுக்கும் நியூயார்க்குக்கும் மியூனிக்குக்கும் தனித்தனியாகத் தர வேண்டும். அந்தப் பதினைந்து பேர் அவையில் உட்காரும் முதல் நாளிலிருந்தே, போன 4 லட்சம் பேரில் பாதிப்பேர் திரும்பி வரும் வழியைப் பற்றி ஏதென்ஸ் பேசியாக வேண்டியிருக்கும். அடுத்த முறை தீர்மானம் வரும்போது 'இல்லை' என்று சொல்லும் ஒவ்வொரு உறுப்பினரின் பெயரையும் லான்ஸ்டேல் தெருவில் அச்சிட்டு ஒட்டட்டும்.