950 ரூபா மாவும் கிணற்றுத் தண்ணியும்

அக்காவின் மகனுக்கு ஏழு மாதம். கொஞ்ச நாளாய் அவளுடைய போனைத் திறந்தால் குழந்தை உணவு விளம்பரம்தான். "நஞ்சில்லா உணவு", "நூறு வீதம் ஒர்கானிக்", "உங்கள் செல்லத்துக்கு எதைத் தீத்துகிறீர்கள் என்று யோசித்தீர்களா அம்மா?" அந்தக் கடைசிக் கேள்வி அக்காவை நித்திரை கொள்ள விடவில்லை. போன மாதம் முளைகட்டிய குரக்கன் மா, 250 கிராம் பக்கற் ஒன்றை 950 ரூபா குடுத்து எடுப்பித்தாள். டெலிவரிக் காசு வேறை. அதே காசுக்குச் சந்தையில் ஒரு கிலோவுக்கு மேலே குரக்கன் வாங்கலாம்.

நான் அந்தப் பக்கத்துக்கு மெசேஜ் போட்டுக் கேட்டேன்: ஒர்கானிக் எண்டு ஆர் சான்றிதழ் தந்தது? எந்த ஊர் வயல்? "எல்லாம் எங்களுக்குத் தெரிஞ்ச விவசாயிகள்தான் சிஸ்" என்று பதில் வந்தது. பின்னால் ஒரு இதயம்.

அதை விற்கிறவவைக் கள்ளி என்று சொல்ல நான் வரவில்லை. வீட்டிலிருந்து நாலு காசு உழைக்கப் பார்க்கிற இன்னொரு தாயாகவும் இருக்கலாம். எனக்குக் கோபம் அந்தச் சொல்லில்தான். பயத்தை முதலில் விற்று, பிறகு அதற்கு மருந்தாகப் பக்கற்றை விற்கிற சொல் அது. வாங்கக் காசில்லாத தாய்க்குப் பக்கற் கிடைக்காது. பயம் மட்டும் இலவசமாகக் கிடைக்கும்.

ஒர்கானிக் என்றால் செயற்கை உரமும் இரசாயனப் பூச்சிமருந்தும் இல்லாமல் விளைவித்தது என்று அர்த்தம். அவ்வளவுதான். விளைந்த பிறகு அந்தத் தானியத்துக்கு என்ன நடந்தது என்று அது சொல்லாது. ஈரத்தோடு கட்டிவைத்த சோளத்திலும் கச்சானிலும் பூஞ்சணம் பிடித்தால் அஃப்ளாடொக்சின் வரும். அது ஈரலுக்கு நஞ்சு. 2022இல் எங்கட நாட்டில் சின்னப் பிள்ளைகளுக்கான திரிபோஷா உற்பத்தி தடைப்பட்டதே இந்தச் சோளப் பிரச்சினையில்தான். உரம் போடாத சோளம் என்றால் பூஞ்சணம் விலகிப் போகுமா? அமெரிக்காவில் 2021 பெப்ரவரியில் காங்கிரஸ் உபகுழு ஒன்று குழந்தை உணவுகள் பற்றி அறிக்கை வெளியிட்டது. ஆர்சனிக், ஈயம், கட்மியம் எல்லாம் இருந்தன. ஒர்கானிக் என்று விற்ற உணவுகளும் அதில் அடக்கம். நெற்பயிர் ஆர்சனிக்கை மண்ணிலிருந்தும் தண்ணியிலிருந்தும் உறிஞ்சுகிறது. லேபலைப் பார்த்து அது உறிஞ்சுவதில்லை.

இனிப்புக் கதையும் இதேதான். இரண்டு வயது வரைக்கும் பிள்ளையின் சாப்பாட்டில் சீனி சேர்க்கவேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சுவிற்சர்லாந்திலும் ஜேர்மனியிலும் சீனி சேர்க்காமல் விற்ற செரலக்கை இந்தியாவில் சீனி சேர்த்து விற்றதாக 2024இல் பப்ளிக் ஐ அமைப்பு வெளிப்படுத்தியபோது எல்லாரும் ஷேர் பண்ணினோம். நானும்தான். ஆனால் பனங்கட்டி போட்ட "ஹோம்மேட் ஒர்கானிக்" மாவைக் கண்டால் ஒருத்தரும் வாய் திறப்பதில்லை. பனங்கட்டி எங்கட மண்ணின் சாமான் என்பதற்காக அது சீனி இல்லையென்று ஆகிவிடாது.

இனித் தண்ணிக்கு வாறன். அக்கா அந்த மாவைக் கரைப்பது வளவுக் கிணற்றுத் தண்ணியில். நாங்கள் வலிகாமம். கீழே சுண்ணாம்புக்கல். தோட்டத்துக்குப் போட்ட உரமும் மலசலகூடக் குழிகளின் கழிவும் அதனூடாக இறங்கித் தண்ணியில் நைத்திரேற்றாகக் கலக்கின்றன. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருப்பதை ஆய்வாளர்கள் எத்தனையோ வருடங்களாக எழுதி வருகிறார்கள். அந்த எல்லையே கைக்குழந்தைகளை மனதில் வைத்துப் போட்டது. நைத்திரேற்று கூடினால் இரத்தம் ஒட்சிசனைக் காவுவது குறையும், பிள்ளை நீலம் பாயும். கிணற்றுத் தண்ணியில் பால்மா கரைத்துக் குடிக்கிற பிள்ளைக்குத்தான் ஆபத்து அதிகம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணி வற்ற வற்ற இன்னும் செறியும். எங்கட அம்மாமார் "நல்லாக் கொதிச்ச தண்ணி" என்று நம்பிக் குடுக்கிறது இதைத்தான்.

ஆகவே 950 ரூபா குடுத்து வாங்கின சுத்தம் அடுப்படிக்கு வந்ததும் முடிந்துவிடுகிறது. பக்கத்துத் தோட்டத்தில் போடுகிற உரம் எங்கட கிணற்றுக்கு வரும், எங்கட குழியில் ஊறுவது அவையின்ர கிணற்றுக்குப் போகும். ஒரு பிள்ளைக்கு மட்டும் தனியாகச் சுத்தமான சாப்பாடு வாங்கிக் குடுக்க ஏலாது.

"அப்ப எல்லாரும் இயற்கை விவசாயத்துக்கு மாறினால் சரிதானே" என்று கம்பஸில் ஒரு நண்பர் கேட்டார். மாறலாம். 2021இல் இரவோடிரவாக மாறச் சொன்னதை மறந்துவிட்டோமா? மே மாதம் இரசாயன உரத்துக்குத் தடை, நவம்பரில் தடை நீக்கம், இடையில் நெல்லும் தேயிலையும் விழுந்தன. கமக்காரருக்கு ஒர்கானிக் என்ற சொல் இப்போது கெட்ட சொல்லாகப் போனதற்கு அந்த ஏழு மாதம்தான் காரணம். மண்ணைத் திருத்த வருடக்கணக்கு வேணும். அந்த வருடங்களில் குறைகிற விளைச்சலின் நட்டத்தை ஆர் தாங்குறது என்று சொல்லாமல் கமக்காரருக்குப் புத்தி சொல்லக்கூடாது.

இன்னொரு கூட்டம் இருக்கிறது: "அம்மம்மா காலத்தில் பக்கற்றா வாங்கினாங்கள்?" இல்லைத்தான். குரக்கனை ஊறவைத்து, முளைகட்டி, காயவைத்து, வறுத்து, மில்லுக்குக் கொண்டுபோய் அரைத்தார்கள். மூன்று நாலு நாள் வேலை. செய்தது ஆர்? அம்மம்மா, பெரியம்மா, கலியாணம் கட்டாத சித்தி. அக்காவுக்கு இப்ப வீட்டில் ஒரு கைதான், அதுவும் பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கிற கை. இந்த வசனத்தைக் கொமென்டில் எழுதுகிற அண்ணாமார் ஒருக்கால் மில்லுக்குப் போய் வரலாம்.

கிளினிக்கில் மிட்வைஃப் சொன்னது எங்களுக்குப் பிந்தித்தான் காதில் ஏறியது. வீட்டில் சமைக்கிற சோற்றையே நல்லாக் குழைய விட்டு, பருப்பு, முட்டை, முள் எடுத்த மீன், கீரை, கொஞ்சம் தேங்காய்ப்பால் சேர்த்து மசித்துத் தீத்தச் சொன்னா. தண்ணியாக ஓடாமல் கரண்டியில் நிற்கிற பதம். ஆறு மாதத்துக்குப் பிறகு தாய்ப்பாலில் மட்டும் இரும்புச்சத்துக் காணாது என்பதால் மீனும் முட்டையும் முக்கியமாம். இதில் ஒர்கானிக் என்ற சொல்லே வரவில்லை. ஆனால் மீனும் முட்டையும் விற்கிற விலைக்கு, பிள்ளைக்கு எடுத்து வைத்த பிறகு தாயின் கோப்பையில் என்ன மிஞ்சுது என்று ஒரு விளம்பரமும் கேட்பதில்லை.

எங்கட கோபத்தைப் பக்கற்றுக்குப் பின்னால் ஓட விடாமல் இங்கே திருப்பவேணும். பிள்ளை இருக்கிற வீட்டுக் கிணறுகளைச் சோதித்து முடிவை வீட்டுக்காரரிடம் சொல்லவேணும். திரிபோஷா தடங்கலில்லாமல் கிளினிக்குக்கு வரவேணும், அதன் பரிசோதனை முடிவுகள் எல்லாரும் வாசிக்கிற மாதிரி வெளியில் இருக்கவேணும், தமிழிலும்தான். பிரதேச சபைத் தேர்தலுக்கு வோட்டுக் கேட்டு வந்தவர்களில் ஒருத்தர்கூட எங்கட ஒழுங்கையில் கிணற்றைப் பற்றிக் கதைக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

போன செவ்வாய் அக்காவின் கிணற்றுத் தண்ணியைப் போத்தலில் பிடித்து ஆய்வுகூடத்துக்குக் குடுத்திருக்கிறோம். முடிவு வரும்வரைக்கும் பிள்ளைக்கு நைத்திரேற்று வடித்த தண்ணி, கான் கணக்கில் காசுக்கு. குரக்கன் மாப் பக்கற்றில் பாதி அலுமாரியில் கிடக்குது. அத்தான் பின்னேரத்தில் கஞ்சி காய்ச்சிக் குடிக்கிறார்.