வலி போனால் நோய் போயிற்றா?

சாமுண்டி மலைப் படிகளில் ஏறி இறங்கி வந்த அன்று நள்ளிரவு, என் வலது கால் பெருவிரல் சிவந்து வீங்கி, நெருப்பாய் எரிந்தது. போர்வை பட்டாலே உயிர் போயிற்று. "படியில் இடிச்சுக்கிட்டிருப்பீங்க" என்றாள் மனைவி. "வாயுதான் தம்பி, பூண்டு சாப்பிடு" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர். ஒரு வாரத்தில் வலி தானாகவே போய்விட்டது. நானும் மறந்துவிட்டேன். அங்கேதான் தவறு செய்தேன்.

அடுத்த ஆண்டு கணுக்கால், அதற்குப் பிறகு முழங்கால். அப்போதுதான் டாக்டரிடம் போனேன். 'கௌட்' என்றார். "நான் குடிப்பதே இல்லையே!" என்றேன். குடிக்காதவருக்கும் வரும்; பரம்பரையாகவும், சிறுநீரகம் யூரிக் அமிலத்தைச் சரியாக வெளியேற்றாததாலும் வரும் என்று விளக்கினார்.

ரத்தத்தில் இந்த அமிலம் டெசிலிட்டருக்குச் சுமார் 6.8 மில்லிகிராமைத் தாண்டினால், ஊசி போன்ற படிகங்களாக மூட்டுக்குள் படியக்கூடும். பெரும்பாலும் கால் பெருவிரலில்தான் தொடங்கும். வலி அடங்கினாலும் படிகங்கள் அடங்குவதில்லை. ஆண்டுக்கணக்கில் தங்கி எலும்பை அரிக்கும். முழங்கையிலும் காது மடலிலும் கட்டியாகத் திரளும். சிறுநீரகத்தில் கல்லும் உண்டாகலாம். வலி உச்சத்தில் இருக்கும்போது ரத்தச் சோதனை சரியாக இருப்பதுபோல் காட்டுவதும் உண்டு. ஆகவே சில வாரம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும்.

வலிக்குத் தரும் கால்ச்சிசின் என்ற மருந்து நம் செங்காந்தளிலும் இருக்கிறது. தாராபுரம், மூலனூர் பக்கம் கண்வலிக் கிழங்கு என்று பயிரிட்டு, அதன் விதையை மருந்துக்காக விற்கிறார்கள். அதற்காக ஊரிலிருந்து கிழங்கை வரவழைத்து அரைத்துக் குடித்துவிடாதீர்கள். அது உயிரைக் குடிக்கும் நஞ்சு.

கால்ச்சிசின் வலியைத்தான் தணிக்கும். யூரிக் அமிலத்தைக் குறைக்காது. அதற்கு அலோபியூரினால் போன்ற மாத்திரையை, டாக்டர் சொன்னபடி, வலி இல்லாத நாளிலும் விடாமல் சாப்பிட்டு, அளவை 6க்குக் கீழே வைக்க வேண்டும். பீர், ஈரல், இனிப்புப் பானங்களைக் குறைப்பது நல்லதுதான்; ஆனால் பலருக்குப் பத்தியம் மட்டும் போதாது.

நம்மவர்களோ வலி நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிடுகிறோம். 'குடிகாரர் வியாதி' என்று பிறர் நினைப்பார்களோ என வெட்கப்பட்டு, வெளியே சொல்லாமல் மறைப்பவர்களும் உண்டு. வெட்கம் மூட்டைக் காப்பாற்றாது.

நான் மாத்திரையை விடவில்லை. இப்போதும் நந்தி வரை படியேறித்தான் போகிறேன்.