கண் இருக்கு, கயிறு எங்கே?

கடலோரக் காவல் படைக்கு எந்த விமானம் வாங்கலாம் என்று பேச்சு வந்தாலே நம்ம ஆளுங்க ரெண்டு கட்சியாகப் பிரிஞ்சுடுவாங்க. ஒரு கட்சிக்கு வெளிநாட்டுச் சரக்குதான் சரக்கு. இன்னொரு கட்சிக்கு உள்நாட்டுத் தயாரிப்பைக் குறை சொன்னால் தேசத்துரோகி. ரெண்டுமே ஜல்லி. கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: கடலில் விழுந்தவனை அந்த இயந்திரம் தூக்குமா, தூக்கிக்கிட்டுப் பத்திரமாகத் திரும்புமா?

முத்தியால்பேட்டைக்காரங்களுக்கு இது டெல்லி விவகாரம் இல்லை. ஒரு பக்கம் சோலை நகர், வைத்திக்குப்பம் மீனவர்கள். மறுபக்கம் லாஸ்பேட்டை விமான நிலையம். 2024 ஆகஸ்ட் 18 அன்று பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங், சென்னையில் நடந்த விழாவில் புதுச்சேரிக்கான கடலோரக் காவல் படை வான்தளத்தைத் திறந்து வைத்தார். சேத்தக், துருவ் என்று ரெண்டு வகை ஹெலிகாப்டர்கள் இங்கே இருக்கும் என்று அறிவிப்பு. கைதட்டியாச்சு.

அப்புறம் நடந்ததைப் பாருங்க. ரெண்டே வாரத்தில், செப்டம்பர் 2 அன்று, குஜராத்தின் போர்பந்தர் கடலில் ஒரு துருவ் விழுந்தது. எண்ணெய்க் கப்பலில் இருந்த ஒருவரைக் காப்பாற்றப் போன நாலு பேரில் மூணு பேர் போனார்கள். 2025 ஜனவரி 5 அன்று அதே போர்பந்தரில் இன்னொரு துருவ். மறுபடி மூணு பேர். உடனே படைகளிடம் இருந்த 300க்கும் மேற்பட்ட துருவ்களும் தரையிறக்கப்பட்டன. மே மாதம் ராணுவத்துக்கும் விமானப் படைக்கும் பறக்க அனுமதி கிடைத்தபோதும், கடலுக்கு மேல் பறக்கும் துருவ்களுக்குக் கிடைக்கவில்லை. நமக்குச் சொன்ன ரெண்டு வகையில் ஒன்று, திறப்பு விழா முடிந்து அஞ்சு மாசத்துக்குள் காலி!

மிச்சம் சேத்தக். 1959இல் முதலில் பறந்த பிரெஞ்சு அலூயெத்-3 ஹெலிகாப்டரை உரிமம் வாங்கி இங்கே செய்தது. பிரெஞ்சு சொந்தம் பாண்டிச்சேரிக்குப் புதுசில்லைதான். ஆனால் அதுக்கு ஒரே எஞ்சின். நிலத்துக்கு மேலே எஞ்சின் நின்றால் ஒரு வயலாவது கிடைக்கும். கடலில் என்ன கிடைக்கும்?

"அதான் டோர்னியர் இருக்கே" என்பார்கள். இருக்கு. ரெண்டு எஞ்சின், கான்பூரில் எச்.ஏ.எல். செய்வது, நல்ல ரேடார். ஆனால் அது அந்தரத்தில் நிற்காது. மிதவையைப் போடலாம், ஆளைத் தூக்க முடியாது. கண் இருக்கு, கயிறு இல்லை. 2015 ஜூன் 8 இரவு சென்னையிலிருந்து ரோந்து போன டோர்னியர் ஒன்று மூணு பேருடன் நம்ம கடலூர்–சிதம்பரம் பக்கம் காணாமல் போனது. ஒரு மாதத்துக்கும் மேல் தேடித்தான் சுமார் 950 மீட்டர் ஆழத்தில் உடைசல் கிடைத்தது.

சுதேசி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. துருவ் ரெண்டு எஞ்சின் உள்ள, கயிறு போட்டு ஆளைத் தூக்கக்கூடிய ஹெலிகாப்டர். வேலைக்கு ஏற்ற சாதனம்தான். கோளாறு வேறிடத்தில். 2023 விபத்துகளுக்குப் பிறகு கட்டுப்பாட்டுத் தண்டுகளை அலுமினியத்திலிருந்து எஃகுக்கு மாற்றினார்கள். 2025இல் ஸ்வாஷ்பிளேட் முறிந்ததாகச் செய்தி. ஒட்டுப்போட்ட இடம் நிற்குது, பக்கத்தில் கிழியுது. இதுக்குப் பேர் மேம்பாடா?

அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் டால்ஃபின் ஹெலிகாப்டர்களில் நடுவானில் எஞ்சின் சக்தி இழப்பு தொடர்ந்தது. 2004இல் அந்த எஞ்சினையே தூக்கிவிட்டு வேறு எஞ்சின் பொருத்த ஆரம்பித்தார்கள். மேம்பாடு என்றால் அது.

நான் கேட்பது மூணு. கடல் மீட்புக்கு ஒற்றை எஞ்சின் ஹெலிகாப்டரை நம்புவதை நிறுத்துங்க. ஒரு ரகம் தரையிறங்கினால் உடனே எழும்ப இன்னொரு ரெட்டை எஞ்சின் ரகம் வையுங்க. ஒரே கயிற்றை நம்பியா கிணற்றில் இறங்குவது? விபத்து விசாரணையில் தெரிந்ததை மக்களுக்குச் சொல்லுங்க.

2017 ஒக்கி புயலில் குமரி மீனவர்கள் எத்தனை பேர் திரும்பவில்லை என்பது ஊருக்கே தெரியும். அடுத்த புயல் நம்ம பக்கம் வரும்போது வைத்திக்குப்பத்து அம்மாக்களிடம் திறப்பு விழாக் கல்வெட்டைக் காட்டி ஆறுதல் சொல்ல முடியாதுங்க.