ராஜ்புத் என்பது சாதியில்லையா?

2024 தீபாவளிக்கு 'அமரன்' வந்தது. தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்தபோதே ஒரு கூச்சல் கிளம்பியது: மேஜர் முகுந்த் வரதராஜன் பார்ப்பனர் என்பதைப் படத்தில் ஏன் மறைத்தார்கள்? இயக்குநர் ராஜ்குமார் பெரியசாமி பதில் சொன்னார். முகுந்த் தன்னை இந்தியன், தமிழன் என்றே சொல்லிக்கொண்டவர். குடும்பமும் அந்த அடையாளத்தையே விரும்பியது என்றார். கைதட்டினார்கள். விவாதம் முடிந்தது என்றார்கள்.

எங்களுக்கு முடியவில்லை.

2014 ஏப்ரலில் சோபியானில் உயிர்விட்ட அந்த அதிகாரியோடோ, அவர் குடும்பத்தின் விருப்பத்தோடோ எங்களுக்கு வழக்கு இல்லை. கேள்வி கேட்டவர்களோடுதான் வழக்கு. சாதியைத் தேடித் தேடிப் பார்த்த கண்களுக்கு ஒன்று தெரியவேயில்லை. முகுந்த் சேர்ந்த படைப்பிரிவின் பெயர் ராஜ்புத் ரெஜிமெண்ட். ராஜ்புத் என்ன, மலையா? ஆறா? ஜாட், டோக்ரா என்று இன்னும் இருக்கின்றன. குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படைக்கு ராஜ்புத், ஜாட், ஜாட் சீக்கியர் என்று மூன்று பிரிவினரைத்தான் எடுக்கிறார்கள். கேட்டால் மரபு என்கிறார்கள். நாங்கள் வாயைத் திறந்தால் மட்டும் "எல்லாத்துலயும் சாதியா?"

சரி, சாதியைக் காட்டுங்கள். முழுசாகக் காட்டுங்கள்.

முகுந்த் பயிற்சி பெற்ற அதிகாரிகள் பயிற்சி அகாடமி கிண்டியை ஒட்டிய பரங்கிமலையில் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்துக் கண்டோன்மென்ட் அது. எம்.சி.ராஜா 1883-ல் பிறந்தது அந்தப் பரங்கிமலையில்தான். அன்றைய மெட்ராஸ் படையில் பறையர் சிப்பாய்கள் கணிசமாக இருந்தார்கள். பாலம் கட்டவும் பாதை போடவும் சாப்பர்ஸ் படையில் முன்னால் போனார்கள். பிறகு ராபர்ட்ஸ் என்ற தளபதி வந்தார். வடக்கத்திச் சாதிகள் சில மட்டுமே 'போர் இனம்', தெற்கத்தியான் சண்டைக்கு லாயக்கில்லை என்றார். மெட்ராஸ் காலாட்படை சுருங்கியது. அதே கோட்பாடுதான் 1890-களில் மகர்களுக்கும் கதவைச் சாத்தியது. அம்பேத்கரின் அப்பா ராம்ஜி சுபேதாராக இருந்த படை அது. படைச் சம்பளமும் படைப் பள்ளிக்கூடமும்தான் அந்தக் குடும்பத்துக்கு எழுத்தைக் கொடுத்தன. கதவு சாத்தப்பட்டால் என்ன போகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஆள் பற்றாக்குறை வந்ததும் மறுபடி கூப்பிட்டார்கள். 1941-ல் மகர் ரெஜிமெண்ட். 1943-ல் சமார் ரெஜிமெண்ட். யுத்தம் முடிந்ததும் 1946-ல் கலைத்துவிட்டார்கள். ராஜ்புத் இருக்கலாம், ஜாட் இருக்கலாம், சமார் மட்டும் கலைய வேண்டும்.

இந்தக் கதையில் ஒரு வரியையாவது தமிழ் சினிமா தொட்டிருக்கிறதா? 'தேசபக்திப் படத்தில் இதெல்லாம் எதுக்கு' என்பவர்களுக்கு ஒரு பழைய படம் சொல்கிறோம். கொரியப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1951-ல், சாமுவேல் ஃபுல்லர் என்ற முன்னாள் சிப்பாய் 'தி ஸ்டீல் ஹெல்மெட்' எடுத்தார். குறைந்த காசு, சில நாள் ஷூட்டிங். அதில் பிடிபட்ட வடகொரிய அதிகாரி, தனக்குக் கட்டுப்போடும் கறுப்பின மருத்துவ வீரனிடம் கேட்கிறான்: உங்கள் ஊரில் பஸ்ஸில் பின்னால்தானே உன்னை உட்கார வைக்கிறார்கள், அவர்களுக்காக ஏன் சண்டை போடுகிறாய்? ஜப்பானிய அமெரிக்க வீரனிடம், உன் ஜனங்களை முகாமில் அடைத்தார்களே என்கிறான். அமெரிக்க ராணுவத்துக்கு எரிச்சல்தான். ஆனால் யுத்தம் நடக்கும்போதே அந்தக் கேள்வி திரையில் ஒலித்தது. எதிரியின் வாயில் வைத்தாவது கேட்டார்கள். நம் படத்தில் எதிரிக்கு வாயே இல்லை. 'அமரன்' காஷ்மீரிகளைக் காட்டிய விதத்துக்கு இஸ்லாமிய அமைப்புகள் போராடியது சும்மா இல்லை.

கதை கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். கிண்டி காந்தி மண்டப வளாகத்துக்குள் போனால் இரட்டைமலை சீனிவாசனின் மணிமண்டபம் இருக்கிறது. 1893-ல் தன் பத்திரிகைக்கே 'பறையன்' என்று பெயர் வைத்தவர். எங்கள் சிப்பாய்களைப் படையிலிருந்து கழித்துக்கட்டிய அதே காலம். திரைக்கதை எழுதுகிறவர்கள் அங்கிருந்து தொடங்கலாம். சிப்பாயின் சாதியை மறைக்கச் சொல்லி எங்கள் தரப்பிலிருந்து யாரும் வரமாட்டார்கள்.